பேய்ப்படமும் நம் வீட்டுப் பயமும்

"வயது அறுபதை நெருங்குகிறது. தாடியும் நரைத்துவிட்டது. இன்னுமா பேய்ப்படம் பார்த்துக் கொண்டிருக்கிறீர்கள், மாமா?"

சென்ற பெருநாளன்று, எங்கள் ஆரணி வீட்டுக் கூடத்தில் உறவினர் பலர் கூடியிருந்த வேளையில், என் தங்கை மகன் இவ்வாறு கேட்டான். கேட்டவன் யோக்கியன் அல்லன். முந்திய இரவுதான் போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு, துருக்கி நாட்டு ஜின் படமொன்றை விடியும்வரை பார்த்திருந்தான். அடுக்களையிலிருந்து என் தங்கை எங்கள் இருவருக்கும் சேர்த்தே தீர்ப்புக் கூறினாள்: "மாமனும் மருமகனும் ஒன்றுதான். நீங்கள் பார்க்கிற படத்திற்கு இந்த வீட்டில் மலக்குகள் கால் வைப்பார்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை. அச்சமூட்டும் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது? பணம் கொடுத்துப் பயத்தை ஏன் வாங்குகிறோம்? நம் குடும்பங்களுக்கு இவற்றால் நன்மை உண்டா, தீமை உண்டா? மார்க்கத் தீர்ப்புச் சொல்வது ஆலிம்களின் பொறுப்பு. அதில் நான் தலையிட மாட்டேன். ஐம்பது ஆண்டுகளாக இப்படங்களைப் பார்த்துவரும் ஓர் இரசிகன் என்ற தகுதியில், எனக்குப் பட்டதை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

தறி நின்ற இரவுகள்

பட்டு நெசவு நடக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இரவு என்பது மௌனமன்று. என் அத்தா ஒரு பட்டுக் கடையில் கணக்கெழுதி வந்தார். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் குழித்தறிகள் இருந்தன. திருமண மாதங்கள் நெருங்கினால் இஷாவுக்குப் பின்னும் தறி ஓசை ஓயாது. அந்த ஓசையில்தான் நாங்கள் உறங்கினோம். ஓசை இருக்கும்வரை பயமில்லை. நள்ளிரவில் திடீரென அது நின்றுவிட்டால்தான் விழிப்புத் தட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். நன்னி என்று நாங்கள் அழைத்த பாட்டியார் இருளிலேயே கையை நீட்டி என் தலையைத் தடவி, "ஊடை அறுந்திருக்கும், முடிந்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள், தூங்கு" என்பார்கள்.

ஊரின் பழைய கட்டடங்களும் எங்கள் பயத்துக்குத் தீனி போட்டன. ஆரணி போர் பல கண்ட ஊர். 1751-இல் சந்தா சாஹிபின் மகன் ராஜா சாஹிபின் படையைக் கிளைவ் முறியடித்தது இங்கேதான். 1782-இல் ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயரின் படையும் மோதியதும் இங்கேதான். கோட்டையும், சத்தியவிஜயநகரத்தில் ஜாகீர்தார்கள் எழுப்பிய மாளிகையும், பூசிமலைக்குப்பத்துக் காட்டிலுள்ள பாழடைந்த மாளிகையும் எங்களுக்குச் சரித்திரமாகத் தெரியவில்லை. பேய் குடியிருக்கும் இடங்களாகவே தெரிந்தன. ஆளில்லாத பெரிய வீட்டைக் கண்டால் அதற்குள் யாரையாவது குடிவைத்துப் பார்ப்பது மனித மனத்தின் இயல்பு போலும்.

அச்சத்தின் இலக்கணத்தை எனக்கு முதலில் கற்பித்தவை அந்த இரவுகளே. ஓசையைவிட ஓசை நிற்பதே நம்மை அதிகம் நடுங்க வைக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைவிட, தெரியப்போகிறதோ என்று காத்திருப்பதே கொடியது. இதை அறிந்த இயக்குநர்கள் நல்ல படம் எடுத்தார்கள். அறியாதவர்கள் காதைப் பிளக்கும் இசையை நம்பினார்கள். இருட்டில் ஒருவன் பின்னாலிருந்து 'ஓ' என்று கத்தினால் யாரும் துள்ளத்தான் செய்வார்கள். அது அதிர்ச்சி, கலையாகாது.

அச்சம் இழிவானதா?

அச்சத்தை இலக்கியத்தின் புறவாசலில் நிறுத்துவோர் உளர். நம் முன்னோர் அவ்வாறு நிறுத்தவில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளில் நகைக்கும் அழுகைக்கும் கொடுத்த இடத்தையே அச்சத்துக்கும் கொடுத்தார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் வகுத்தார்: மனிதருக்கு அப்பாற்பட்ட அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், ஆளும் இறைவனாகிய அரசன்.

இன்றைய படங்களை இந்த நான்கு அறைகளிலும் வைத்துப் பார்க்கலாம். பேய்ப்படங்கள் முதல் அறைக்கு உரியவை. பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' (1978), பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) போன்ற கொலைப் படங்கள் கள்வர் அறையைச் சேரும். நான்காவது அறைதான் அபூர்வம். 2024-இல் மலையாளத்தில் வந்த 'பிரமயுகம்' அந்த அறையைத் திறந்தது. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்ட அப்படத்தில், பாழ்மனையின் அதிபதியாக மம்மூட்டி அமர்ந்திருக்கிறார். வழிதவறி வந்த ஏழைப் பாணன் அங்கிருந்து வெளியேற முடிவதில்லை. அங்கே பயம் தருவது பல்லும் நகமுமல்ல; ஒருவனை இன்னொருவன் ஆட்டிவைக்கும் அதிகாரம். கடன் வாங்கி வேலை செய்யும் எந்தத் தொழிலாளியும் அந்தப் பயத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வான்.

பணம் கொடுத்துப் பயத்தை வாங்குவது ஏன் என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை இருக்கிறது. வாழ்க்கையில் வரும் பயத்துக்கு முடிவு நேரம் கிடையாது. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, வேலை போய்விடுமோ என்ற கவலை இவையெல்லாம் நம்மைக் கேட்டு வருவதில்லை, கேட்டுப் போவதுமில்லை. திரையில் வரும் பயத்துக்கோ இரண்டரை மணி நேரம்தான் ஆயுள். நூறு பேர் நடுவில் அமர்ந்து அதைச் சந்திக்கிறோம். பக்கத்தில் இருப்பவரும் நம்மைப் போலவே நடுங்குகிறார். பிறகு நம்மைப் போலவே வெட்கத்துடன் சிரிக்கிறார். விளக்கு எரிந்ததும், பிழைத்துவிட்டோம் என்ற ஒரு சிறு மகிழ்ச்சியுடன் வீடு திரும்புகிறோம். இந்த ஒத்திகை மனிதனுக்குத் தேவையாக இருக்கிறது.

பஷீர் குடியிருந்த வீடு

நம் நாட்டின் மிகச் சிறந்த பேய்க்கதைகளில் ஒன்றை எழுதியவர் ஒரு முஸ்லிம் என்பதை நம் இளைஞர் பலர் அறியார். வைக்கம் முகம்மது பஷீரின் 'நீல வெளிச்சம்' என்ற சிறுகதையைத்தான் சொல்கிறேன். அவரே அதற்குத் திரைக்கதை எழுத, 1964-இல் 'பார்கவி நிலையம்' என்ற மலையாளப் படமாக அது வெளிவந்தது. ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் முதன்முதலாக இயக்கிய படம் அது. அதற்கு முந்திய ஆண்டில் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தில், பாழடைந்த ஜமீன் மாளிகையை ஒளியாலும் நிழலாலும் நம் கண்முன் நிறுத்தியவரும் அவரே. 'பார்கவி நிலைய'த்துக்கு இசையமைத்தவர் பாபுராஜ். காதலனாக நடித்தவர் அப்துல் காதர் என்ற இயற்பெயர் கொண்ட பிரேம் நசீர்.

கதை எளியது. ஓர் எழுத்தாளர் தங்குவதற்கு வீடு தேடுகிறார். கிணற்றில் விழுந்து இறந்த ஒரு பெண்ணின் ஆவி உலவுவதாக ஊரார் அஞ்சும் வீடு அவருக்குக் கிடைக்கிறது. அவர் என்ன செய்கிறார்? மந்திரவாதியை அழைக்கவில்லை, ஓடவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத அப்பெண்ணுக்கு மரியாதையாக வணக்கம் சொல்லி, தாம் இன்னார் என்று அறிமுகம் செய்துகொண்டு, அண்டை வீட்டாரிடம் பேசுவது போலப் பேசுகிறார். மண்ணெண்ணெய் தீர்ந்து விளக்கு அணைந்த ஓர் இரவில், எண்ணெய் வாங்கப் போய்த் திரும்பும்போது அறை முழுவதும் நீல வெளிச்சம் நிறைந்திருக்கிறது. சிறுகதையில் இவ்வளவே அற்புதம். திரைப்படம் மேலும் சென்று, அவள் தற்கொலை செய்துகொள்ளவில்லை, கொலையுண்டாள் என்ற உண்மையை எழுத்தாளர் வாயிலாக வெளிப்படுத்துகிறது.

இதில் பஷீர் செய்த புதுமையைக் கவனியுங்கள். பேயை விரட்டுவதற்குப் பதிலாக அவர் அதன் வழக்கைக் கேட்கிறார். ஊரார் பயந்தது ஒரு பெண்ணின் ஆவிக்கு. பயந்திருக்க வேண்டியதோ அவளைக் கொன்றவனுக்கு. 2023-இல் ஆஷிக் அபு இக்கதையை 'நீலவெளிச்சம்' என்ற பெயரிலேயே மீண்டும் படமாக்கினார் என்றால், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விளக்கில் எண்ணெய் வற்றவில்லை என்றே பொருள்.

அக்காலத் தமிழ்ப்படங்கள் வேறொரு வழியில் சென்றன. ஜெயலலிதாவும் ஜெய்சங்கரும் நடித்த 'யார் நீ?' (1966) இந்தியிலிருந்து வந்த கதை. மழையிலும் மயானத்திலும் வெண்ணுடையில் நடமாடும் உருவம் பேயல்ல, சொத்துக்காகப் பின்னப்பட்ட சதி என்று முடிவில் தெரியவரும். கமால் அம்ரோஹியின் 'மஹல்' (1949) இந்த வகைக்கு முன்னோடி. அதிலும் பேய் இல்லை. ஆனால் பேய் இருக்கிறதென்று நம்பிய மனிதனின் மயக்கம், ஒரு பாவமும் அறியாத மனைவியின் உயிரைக் குடித்துவிடுகிறது. பேய் பொய்யாகலாம், பேய்மீது கொண்ட நம்பிக்கை செய்யும் அழிவு பொய்யாவதில்லை. இந்தக் கருத்தைச் சற்று நேரம் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

புறம் பேசியவர்களும் மன்னித்த பேயும்

இக்காலப் படங்கள் எல்லாமே குப்பை என்று தள்ளுவோருடன் நான் உடன்படேன். அறிவழகனின் 'ஈரம்' (2009) ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நிகழ்கிறது. அக்கம்பக்கத்தார் ஒரு பெண்ணைப் பற்றி வாய்க்கு வந்தபடி அவதூறு பேசுகிறார்கள். அதை நம்பிய கணவன் அவளைக் கொன்றுவிடுகிறான். அவள் தண்ணீராகத் திரும்பி வருகிறாள். குழாயில் சொட்டும் நீரும், கதவிடுக்கில் கசியும் ஈரமும் நம்மை நடுங்க வைக்கின்றன. புறம் பேசுவதன் கொடுமையைப் பற்றி எத்தனை பயான்கள் கேட்டிருக்கிறோம்! அந்தப் பாவம் ஓர் உயிரைக் குடிக்கும் என்பதை இப்படம் கண்ணெதிரே காட்டுகிறது. அதே ஆண்டில் வந்த 'யாவரும் நலம்', வீட்டுப் பெண்கள் கூடிப் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரையே பயத்தின் வாசலாக்கியது. மிஷ்கினின் 'பிசாசு' (2014), தன் சாவுக்குக் காரணமானவனைப் பழிவாங்காமல் காத்து நிற்கும் ஒரு பேயைக் காட்டிப் பலரைக் கண்கலங்க வைத்தது.

இவற்றுக்கு நடுவே பெருவெள்ளமாக வந்தவை சிரிப்புப் பேய்கள். ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' (2011) அடைந்த வெற்றிக்குப் பின், பேயும் நகைச்சுவையும் பிரிக்க முடியாத இரட்டையராயின. 'காஞ்சனா'வில் ஒரு நல்ல அம்சம் உண்டு. பெற்றோர் கைவிட்ட திருநங்கைக்கு அதில் அடைக்கலம் தருபவர் ஒரு முஸ்லிம். பேய்ப்படங்களில் நம்மவருக்கு வழக்கமாகக் கிடைப்பது தாயத்துக் கட்டும் பாய், தர்கா வாசலில் மயிலிறகு வீசுபவர் போன்ற வேடங்களே. ஒரு சமுதாயம் முழுவதும் பேயோட்டுவதையே தொழிலாகக் கொண்டது போன்ற தோற்றத்தை அவை உண்டாக்குகின்றன. அதற்கு மாறாக, இரக்கத்தால் உயிரிழக்கும் ஒரு முஸ்லிமைக் காட்டியதற்காக அப்படத்தைப் பாராட்டலாம். ஆனால் அதன் வழியில் வந்த பல படங்கள் அடியும் உதையும் அலறலுமாகவே முடிந்தன. பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தலைவலி மட்டும் மிஞ்சியது.

திரைக்கு வெளியே

இனி, நான் சொல்ல வந்த முக்கியச் செய்திக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் என் உறவில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம் ஆயிற்று. குழந்தை பிறந்த பத்தாம் நாளிலிருந்து அவள் உறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள். குழந்தையைத் தொட மறுத்தாள். பார்க்க வந்த பெண்கள் சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் இருக்கிறது: "அந்தப் படத்தில் வந்தது போலவே இருக்கிறதே!" நோய் இன்னதென்று அவர்களுக்குத் திரைப்படம் சொல்லிக் கொடுத்திருந்தது. மருந்தையும் அதுவே சொல்லியிருந்தது. ஓர் ஆளை அழைத்து வந்தார்கள். சாம்பிராணிப் புகை, மிளகாய்ப் புகை, அதட்டல், அடி எல்லாம் நடந்தன. ஒரு மாதம் வீணாயிற்று. கடைசியில் அவளுடைய அத்தாதான் துணிந்து, "என் மகள் நோயாளி, குற்றவாளி அல்ல" என்று சொல்லி மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மனநோய் அது. மருந்தால் குணமாகக் கூடியது. அல்லாஹ்வின் அருளால் அவள் இன்று பேரன் பேத்திகளுடன் நலமாக இருக்கிறாள்.

எல்லோருக்கும் அந்த நற்பேறு கிட்டுவதில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த தனியார் காப்பகமொன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். தர்காவின் பரக்கத்தை நாடி உறவினர் கொண்டுவந்து விட்டுச் சென்ற மனிதர்கள் அவர்கள். உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து அவ்வழக்கை எடுத்தது. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது. மருந்தும் துஆவும் ஒன்றாகச் செல்லலாம் என்ற கொள்கையுடன், ஏர்வாடியிலேயே அரசின் மனநலப் பணியும் தொடங்கப்பட்டது. எந்தப் பேய்ப்படமும் அந்த விடியற்காலையைவிட அச்சமூட்டுவதாக எனக்குத் தெரியவில்லை.

ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' (1993) என்ற மலையாளப் படத்தை நான் உயர்வாக மதிப்பது இக்காரணத்தாலேயே. அதன் கதையைத் தழுவி வந்த 'சந்திரமுகி' (2005) நம் வீடுகள் அனைத்திலும் தெரிந்த படம். நாட்டியக்காரியின் ஆவி புகுந்ததாக எல்லோரும் நடுங்கும் வீட்டில், மனநல மருத்துவர் ஒருவர் வந்து இது ஆவியன்று, மனத்தின் நோய் என்கிறார். இலட்சக்கணக்கானோர் முன் அந்தச் சொல்லை ஒரு வணிகப் படம் சொன்னது பெரிய காரியம். ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். முடிவில் குணமாக்கும் வழியாகக் காட்டப்படுவது பேயோட்டும் சடங்கின் மேடைதான். மருத்துவரே மந்திரவாதியுடன் கூட்டுச் சேர்ந்து ஓர் இரவில் நோயைத் தீர்த்துவிடுகிறார். உண்மை வாழ்வில் மனநோய் ஓர் இரவில் தீராது. மாதக்கணக்கில் மாத்திரையும், உறக்கமும், அன்பான பேச்சும் தேவைப்படும். அதைத் திரையில் காட்டினால் கைதட்டல் விழாது என்பது உண்மைதான். காட்டாததால், பார்த்தவர்கள் நினைவில் மருத்துவரைவிடச் சடங்கே அழுத்தமாகப் பதிந்துவிட்டது.

ஜின்களைப் பற்றி நாம் நம்புகிறோம். திருக்குர்ஆனில் அப்பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் மறைவானதை நம்புவது வேறு. தலைவலியும் தூக்கமின்மையும் வந்தவுடன் ஜின்மீது பழி போடுவது வேறு. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம் என்பதை மறக்கலாகாது.

ஜின்னை வைத்தே இந்த வேறுபாட்டை அழகாகக் காட்டும் படம் ஒன்றுண்டு. பாபக் அன்வாரி பாரசீக மொழியில் எடுத்த 'நிழலின் கீழ்' (2016) என்ற பொருள்படும் படம் அது. ஈரான்–ஈராக் போர்க்காலத்து டெஹ்ரான் நகரம். கணவர் போர்முனையில். மருத்துவப் படிப்பைத் தொடர அனுமதி மறுக்கப்பட்ட தாயும் சிறு மகளும் வீட்டில் தனியே இருக்கிறார்கள். மாடியில் வந்து விழும் ஏவுகணை வெடிக்காமல் நிற்கிறது. அதன் பிறகு வீட்டில் ஜின் வந்துவிட்டது என்ற பேச்சு. ஜின் வந்ததா, போரின் அச்சம் அவ்வாறு உருக்கொண்டதா என்பதைப் படம் கடைசிவரை அறுதியிட்டுச் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தாயின் தனிமையைப் பார்வையாளன் மறக்க மாட்டான். என் மருமகன் பார்க்கும் துருக்கிப் படங்களில் பெரும்பாலானவை இதன் பக்கத்தில் நிற்கத் தகுதியற்றவை என்று அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

மூன்று கேள்விகள்

ஆகவே, ஒரு பேய்ப்படத்தை எடைபோட நான் மூன்று கேள்விகளை வைத்திருக்கிறேன். பயப்பட வேண்டியதைக் கண்டு பயப்படச் சொல்கிறதா, அல்லது பாவப்பட்ட ஒருத்தியைக் கண்டு பயப்படச் சொல்கிறதா? பேயாக வந்தவளின் வழக்கைக் கேட்கிறதா, அலறவிட்டு அனுப்பிவிடுகிறதா? அரங்கை விட்டு வெளியே வந்தபின், நோயுற்ற ஒருவரைப் பார்க்கும் நம் பார்வையில் இரக்கத்தைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? மூன்றுக்கும் நல்ல விடை தரும் படம் எதுவாயினும், அதைக் கண்டு ஒரு பிள்ளை ஓர் இரவு உறக்கம் கெட்டாலும் பாதகமில்லை.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் போர்வைக்குள் ஒளிந்து பார்ப்பதைத் தடுக்க இயலாது. கூட அமர்ந்து பாருங்கள். முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுங்கள். தனியே விழுங்கிய பயம் உள்ளேயே தங்கிவிடுகிறது, பகிர்ந்துகொண்டதோ கதையாகிவிடுகிறது. இருளில் என் நன்னி செய்ததும் அதுவே.

எங்கள் தெருவின் மூன்று தறிகளில் இன்று ஒன்றுதான் ஓடுகிறது. மற்ற இரு வீடுகளில் தறிக்குழியை மூடிச் சிமெண்டு பூசிவிட்டார்கள்; பிள்ளைகள் வெளியூர் வேலைக்குப் போய்விட்டார்கள். சில இரவுகளில் அந்த ஒற்றைத் தறியும் நின்றுவிடும்போது எனக்கு இன்றும் விழிப்பு வருகிறது. ஊடை அறுந்திருக்கும், முடிந்துவிட்டு ஓட்டுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுபடி ஓசை கேட்கும்வரை காத்திருக்கிறேன்.

பெருநாள் கழிந்த வாரத்தில் என் தங்கையையும் மருமகனையும் உட்கார வைத்து 'பார்கவி நிலையம்' காட்டினேன். படம் முடிந்ததும் மருமகன் வாய் திறக்கவில்லை. தங்கைதான் பேசினாள்: "பாவம் அந்தப் பெண். இத்தனை நாள் அவளிடம் யாருமே ஒரு வார்த்தை கேட்கவில்லையே!"